ஸ்மோக்கருக்குத் தமிழ்ச்சொல்: புகைமூட்டியா, புகையூட்டியா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். இறைச்சியையும் சாசேஜையும் (தோலில் அடைத்த அரைத்த இறைச்சி) புகையில் பதப்படுத்தும் பெட்டிதான் ஸ்மோக்கர். அது தொடர்பாக நாம் தொகுக்கும் சொற்பட்டியலுக்கு, குழுமத்தில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> "புகைமூட்டி என்றே வைத்துக்கொள்ளலாம். வாழைத்தாருக்கு மூட்டம் போடுவதும் கரிமூட்டமும் நமக்குப் பழகியவைதானே."

பழகிய சொல் என்பதுதான் இங்கே சிக்கல். எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்தில் சீமைக்கருவேலத்தை அடுக்கி, மேலே மண் பூசிக் கரிமூட்டம் போடுவார்கள். காற்றை அடைத்து வைப்பதுதான் அதன் வேலையே. வாழைத்தாருக்கும் புகை வெளியேறக் கூடாது. சாசேஜுக்கு இது நேர்மாறு. புகை இறைச்சியைத் தொட்டுவிட்டு வெளியேறிக்கொண்டே இருக்க வேண்டும். தேங்கினால் குளிர்ந்து, தாராகப் படிந்து, நாக்கில் கசக்கும். மூட்டி என்று பெயர் வைத்தால், வாங்குகிறவர் முதல் வேலையாக மேல்துவாரத்தை மூடிவிடுவார். நிறமூட்டி, சுவையூட்டி வரிசையில் புகையூட்டி என்பதே என் பரிந்துரை.

அந்தத் துவாரத்தைத் திறந்து மூடும் தகட்டுக்கு (டேம்பர்) ஒருவர் 'தணிப்பி' என்று எழுதியிருந்தார். எதைத் தணிக்கிறது? கண்மாய் நீரை அளந்து விடுவதற்கு மடை என்ற சொல் இருக்கிறது. மேலே இருப்பது புகைமடை, கீழே இருப்பது காற்றுமடை. இப்படி வைத்தால் செய்முறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: காற்றுமடையால் கனலை அடக்கு, புகைமடையைத் திறந்தே வை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பாம்பன் பக்கம் டிரம் புகையூட்டியில் கரி போட்டுப் பாருங்கள், கண் அசந்தால் சூடு எகிறிக் கொழுப்பெல்லாம் உருகி வடிந்துவிடும். சாசேஜ்தான் முக்கியம் என்றால் வெப்பச்சீராக்கி (தெர்மோஸ்டாட்) உள்ள மின் புகையூட்டியே நல்லது. பெட்டியின் சூட்டை 55 டிகிரியில் வைத்துத் தோலை உலர்த்தி, மெதுவாக ஏற்றி, 80-ஐத் தாண்டாமல் நிறுத்துவது அதில் எளிது. ஈரத்தோலில் புகை திட்டுத்திட்டாகப் பிடிக்கும் என்பதால், நம் கடற்கரை ஈரப்பதத்தில் அந்த உலர்த்தலைச் சுருக்கவே கூடாது.

அடுத்து, பட்டியலில் உள்ள 'குளிர்புகை' (cold smoking), 'வெப்பப்புகை' (hot smoking). 30 டிகிரிக்குக் கீழே புகையூட்டுவதை ஐரோப்பியர் குளிர் என்கிறார்கள், சொல்லட்டும். தொண்டியிலும் கீழக்கரையிலும் 30 டிகிரி என்பது வெறும் நிழலின் சூடுதான். உண்மையான வேறுபாடு, இறைச்சி வேகிறதா இல்லையா என்பதே. ஆகவே வேகாப்புகை, வேகுபுகை. ('பச்சைப்புகை' காதுக்கு இனிமைதான், ஆனால் பச்சை விறகின் புகை என்று படித்துவிடுவார்கள்.) வேகாப்புகை என்றாலே உண்பவர் ஒரு கணம் யோசிப்பார், யோசிக்கத்தான் வேண்டும். நம் வெயிலில் அதைச் செய்யக் குளிரூட்டிய அறை தேவை, இல்லாவிட்டால் கிருமிகள் பெருகும். வேகுபுகையில் சாசேஜின் உட்பகுதி ஆட்டிறைச்சியானால் 71, கோழியானால் 74 டிகிரியை எட்ட வேண்டும். பெட்டிக் கதவில் இருக்கும் வெப்பமானி இதைக் காட்டாது. நடுவில் குத்திப் பார்க்கும் கருவிக்குக் குத்துவெப்பமானி என்று வைக்கலாம்.

மாசிக் கருவாடு எதில் சேரும் என்று கேட்டிருந்தீர்கள். சூரை மீனை முதலில் அவித்துவிட்டுத்தான் புகையிட்டு வெயிலில் காயவைக்கிறார்கள். வேகவைக்கும் வேலை புகைக்கு இல்லை என்பதால், இந்த இரண்டிலும் திணிக்காமல் தனியாக விட்டுவிடலாம்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இறைச்சியைப் பதப்படுத்தச் சேர்க்கும் நைட்ரைட் கலந்த உப்புக்குப் பட்டியலில் உள்ள 'இளஞ்சிவப்பு உப்பு' என்ற பெயர் போக வேண்டும். சமையல் உப்போடு குழம்பிவிடாதிருக்க அதற்கு நிறமேற்றுகிறார்கள். நம் கடைகளிலோ இந்துப்பும் அதே நிறத்தில் கிடைக்கிறது. காற்றில்லாத இளஞ்சூட்டில் பெருகும் குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நச்சுக் கிருமியைத் தடுப்பது நைட்ரைட், இந்துப்பில் அது கிடையாது. நிறத்தைப் பார்த்து மாற்றிப் போட்டால் உயிருக்கே ஆபத்து. எதிர்ப்பக்கமும் உண்டு. 6.25 விழுக்காடு சோடியம் நைட்ரைட் உள்ள கலவையை ஒரு கிலோ இறைச்சிக்கு 2.5 கிராம் சேர்ப்பதே அளவு, அதை இந்துப்பு என்று நினைத்துக் கைப்பிடியாக அள்ளிப் போட்டால் நஞ்சு. ஆகவே நைட்ரைட் உப்பு என்றே இருக்கட்டும். தனித்தமிழ் ஆர்வலர்கள் பொறுத்தருள வேண்டும்.

புகைமடைக்கு மறுப்பு இருப்பவர்கள், பட்டியலை இறுதி செய்வதற்கு முன் எழுதுங்கள்.