காசு கொடுத்துச் சுறா பிடிக்கிறாளாம்

குழு: தேவனாம்பட்டினம் சொந்தங்கள்

அத்தை: ஃபைபர் படகில் பால் சுறா வந்தது. புட்டு செய்தேன். பூண்டு தூக்கலாகப் போட்டால்தான் மாமாவுக்கு இறங்கும். படம் பார்.

நான்: அத்தை, இங்கே ராத்திரி 11 மணி. மெஸ்ஸில் ரொட்டி தின்றுவிட்டு இதைப் பார்க்கிறேன் 😭

அம்மா: இன்னும் தூங்கவில்லையா?

நான்: 12 மணிக்குத் தூண்டில் பார்க்கப் போகணும் அம்மா. நீளக் கயிற்றில் வரிசையாகக் கட்டிப் போட்டிருக்கிறோம். ராத்திரியானாலும் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை போயாகணும். விட்டுவிட்டால் மாட்டிய சுறா களைத்துச் செத்துப்போகும்.

அம்மா: லைஃப் ஜாக்கெட் போடு.

சித்தப்பா: பிடித்ததை என்ன செய்வீர்கள்?

நான்: படகோரமாகத் தண்ணீரிலேயே வைத்து, வாலில் கயிறு மாட்டி நீளம் அளப்போம். சுறாவின் துடுப்பு நுனியில் துளி வெட்டி மரபணு ஆய்வுக்கு எடுப்போம். அடையாள டேக் குத்திக் கடலிலேயே விட்டுவிடுவோம். நேற்று நான்தான் வாலைப் பிடித்தேன். தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்குகிறது, எதிர்ப்பக்கம் உரசினால் தோலை எடுத்துவிடுகிறது. முழங்கை முழுக்கச் சிராய்ப்பு.

சித்தப்பா: அது தெரியாமலா போனாய்? எங்களிடம் கேட்டிருக்கலாமே. சரி, சம்பளம் எவ்வளவு?

நான்: இல்லை. சாப்பாட்டுக்கும் தங்கவும் நான்தான் கட்டுகிறேன்.

சித்தப்பா: 😂😂 அண்ணி, உங்கள் பெண் காசு கொடுத்துச் சுறா பிடித்து, அதையும் கடலிலேயே விடுகிறாளாம்.

அண்ணன்: அமெரிக்காதானே?

நான்: பஹாமாஸ் அண்ணா, பிமினி தீவு. 1990இல் சாமுவேல் கிரூபர் தொடங்கிய களநிலையம், ஷார்க் லேப் என்பார்கள். லெமன் சுறாதான் இவர்கள் அதிகம் ஆராய்ந்தது. குட்டிகள் முதல் சில வருடம் சதுப்புநிலக் காட்டோரம் ஆழமில்லாத தண்ணீரிலேயே வளரும். பெண் சுறா பெரிதாகி எங்கெங்கோ சுற்றிவிட்டு, தான் பிறந்த இதே தீவுக்கு வந்து குட்டி போடுகிறது.

அத்தை: பிரசவத்துக்குத் தாய்வீடா! வளைகாப்பு யார் போடுவார்களாம்?

சித்தப்பா: பிச்சாவரம் பக்கம் போனால் நானும் காட்டுவேன், இத்தனூண்டு குட்டிகள்.

நான்: 2011லிருந்து பஹாமாஸ் கடலில் வியாபாரத்துக்குச் சுறா பிடிக்கவே தடை சித்தப்பா.

சித்தப்பா: எங்கள் விசைப்படகுக்கும்தான் தடை, ஜூன் 14 வரை. கடலூர் முதுநகரில் படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டு கிடக்கிறேன்.

நான்: அதுதான் கேட்க நினைத்தேன். கடலுக்குப் போனதும் ஒன்று பார்ப்பீர்களா? பாண்டிச்சேரி சுறா என்றே ஓர் இனம் உண்டு. 1839இல் விவரித்தார்கள், மாதிரி கிடைத்தது புதுச்சேரியில். பல பத்தாண்டுகளாக உறுதியான தகவலே இல்லை. இங்கே என் ஊரைக் கேட்டதும் எல்லோரும் அதைத்தான் விசாரிக்கிறார்கள்.

சித்தப்பா: ஆள் எப்படி இருக்கும்?

நான்: சின்னது. பக்கத் துடுப்பு, முதுகில் இரண்டாவது துடுப்பு, வால் எல்லாம் முனை கறுப்பு.

சித்தப்பா: கறுப்பு முனை இங்கே நிறைய சுறாவுக்கு உண்டும்மா. அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

நான்: அதனால்தான் பல் தெரிய ஒரு படம், பக்கவாட்டில் முழுசாக ஒரு படம். உயிரோடு இருந்தால் சட்டென்று எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். 2001லிருந்து சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. அளவு தெரிய பக்கத்தில் ஏதாவது வையுங்கள்.

அண்ணன்: ஸ்கேல் வாங்கித் தரவா?

சித்தப்பா: படகில் ஸ்கேலை எங்கே தேடுவது? என் செருப்பை வைக்கிறேன். 9ஆம் நம்பர், எழுதிக்கொள்.