புரோபாக்ஸ் கியர் எண்ணெயும் ஃபில்டரும்: முற்றத்தில் மாற்றிய அனுபவம்

தாமுவேக்காரன் எழுதுகிறேன்.

யாங்கூனில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் இருக்கும் நம் உறவுகளுக்காகச் சில வரிகள். 1970 டிசம்பரில் பர்மாவில் போக்குவரத்து சாலையின் வலப்பக்கத்துக்கு மாறியது. ஆனால் இங்கே ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை ஜப்பானில் ஓடிக் கழித்தவை, ஸ்டியரிங்கும் வலப்பக்கமே. முன்னால் போகும் லாரியை முந்த வேண்டுமானால், எதிரே என்ன வருகிறது என்பது ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் அவனுக்குக் கண். எங்கள் வண்டியில் அந்தக் கண் என் மனைவி.

மாமியார் வீடு பெகுப் பக்கம். போன மழைக்காலத்துக்கு முன்பு பழைய சாலையில் லேகுவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். முன்னே ஒரு மூங்கில் லாரி. "இப்போது போ" என்றாள். ஆக்சிலேட்டரை அழுத்தினேன். எஞ்சினின் சத்தம் ஏறியது, வேகம் ஏறவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணி முடிக்கும் நேரம் கழித்துத்தான் கீழ்க் கியர் விழுந்து வண்டி துள்ளியது. அதற்குள் எதிரே ஒரு பஸ். பின்வாங்கி மறுபடி லாரியின் வாலைப் பிடித்தேன். ஊர் போய்ச் சேரும்வரை அவள் பேசவில்லை. திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

வண்டி டொயோட்டா புரோபாக்ஸ், பழைய உருவம், 1500 சிசி, நான்கு கியர் ஆட்டோமேட்டிக். வாங்கும்போது மீட்டரில் 92,000 கிலோமீட்டர். ஜப்பானிலிருந்து வந்த வண்டியின் மீட்டரை எந்த அளவுக்கு நம்புவது என்பது உங்கள் அனுபவத்தைப் பொறுத்தது. இப்போது 1,48,000. இடையில் எஞ்சின் எண்ணெய் ஒழுங்காக மாற்றியிருக்கிறேன். கியர்பாக்ஸ் எண்ணெயைத் திரும்பிப் பார்த்ததே இல்லை. "அது ஆயுளுக்கும் வரும், தொடாதே" என்று விற்றவர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். யாருடைய ஆயுளுக்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

அளவுக்குச்சியை இழுத்து வெள்ளைத் துணியில் துடைத்தேன். சிவப்பாக இருக்க வேண்டியது, நீண்ட நேரம் கொதித்த தேநீர் நிறத்தில் இருந்தது. கருகிய வாடை மட்டும் இல்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் தைரியம் தந்தது.

எண்ணெய் வாங்குவதில்தான் முதல் சிக்கல். என் வண்டிக்கு டொயோட்டாவின் டைப் டி-ஃபோர் என்ற வகை. கடைக்காரர் டபிள்யூ.எஸ். டப்பாவை எடுத்து வைத்து, "இதுவும் டொயோட்டாதான், புதியது, இன்னும் நல்லது" என்றார். டபிள்யூ.எஸ். நீர்த்தன்மை கூடிய எண்ணெய். அதற்கென்று வடிவமைத்த கியர்பெட்டிகளுக்குத்தான் அது நல்லது. நிறத்தைப் பார்த்து எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்றாவது கடையில் நான்கு லிட்டர் டி-ஃபோர் டப்பா கிடைத்தது. கூடவே ஃபில்டர், கியர்பெட்டியின் அடியில் எண்ணெய் தங்கும் தட்டுக்கான கேஸ்கட், வடிகால் திருகுக்கு ஒரு புது வாஷர். போலி எண்ணெய் நிறையப் புழங்குவதால் மூடியின் முத்திரையை மூன்று முறை திருப்பிப் பார்த்தேன். கடைக்காரர் சிரித்தார், சிரிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கால் மணி நேரம் ஓட்டி எண்ணெயை வெதுவெதுப்பாக்கிக்கொண்டேன். கொதிக்கும் சூட்டில் திறந்தால் கை வெந்துபோகும். முற்றத்துச் சிமெண்டுத் தரையில் ஜாக்கியால் தூக்கி, நான்கு பக்கமும் இரும்புத் தாங்கிகளை நிறுத்தினேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். இதில் பேச்சுக்கே இடமில்லை.

பழைய எண்ணெயை அளந்து வைப்பதுதான் முக்கியம் என்று படித்திருந்தேன். அளவு ஜாடி எதற்கு? ஒரு லிட்டர் குடிதண்ணீர் பாட்டில்கள் வீட்டில் குவிந்து கிடக்கின்றன. வடிகால் திருகைக் கழற்றியதும் மூன்று பாட்டில் நிரம்பக் கொஞ்சம்தான் பாக்கி. பிறகு தட்டு. அதைச் சுற்றிலும் பத்து மில்லிமீட்டர் தலை போல்ட்டுகள். ஒரு பக்கம் முழுவதும் கழற்றாமல் தளர்த்தி மட்டும் விட்டுவிட்டு, மறுபக்கத்தைக் கழற்றினால் தட்டு சாய்ந்து, மிச்சம் ஒரே மூலையில் வடியும். நான் எல்லாவற்றையும் ஒரே சீராகத் தளர்த்தினேன். தட்டு ஒட்டிக்கொண்டே நின்றது. தட்டியதும் மொத்தமாக இறங்கி என் கைலியை நனைத்தது. ஃபில்டரைக் கழற்றும்போது அதற்குள் தங்கியிருந்தது இன்னொரு முறை கொட்டியது. அந்தக் கைலி இப்போது வண்டி துடைக்கும் துணி.

தட்டுக்குள் காந்தங்கள் இருக்கும். அவற்றின் மேல் சாம்பல் நிறத்தில், இங்கே முகத்தில் பூசும் தணாக்கா மரப்பட்டையை அரைத்துக் குழைத்த பதத்தில் ஒரு பசை படிந்திருந்தது. விரலில் தேய்த்தால் மாவு போல மசிந்தது. அது சாதாரணத் தேய்மானம். நெருடும் துகளோ மின்னும் சீவலோ இருந்திருந்தால் தட்டை மூடிவிட்டு வண்டியை மெக்கானிக்கிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பேன். காந்தங்களைத் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்தேன். பழைய கேஸ்கட்டை பிளாஸ்டிக் துண்டால் சுரண்டினேன். பெட்டியின் உடல் அலுமினியம், கத்தி பட்டால் கீறல் விழுந்து அங்கேயே கசியும். போல்ட்டுகளைக் கையால் நுழைத்து, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். நீள ஸ்பேனரில் உடம்பு பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

வடித்தது மொத்தம் மூன்றே கால் லிட்டர். அதே மூன்றே கால் லிட்டரை அளவுக்குச்சியின் குழாய் வழியே நீள்மூக்குப் புனல் வைத்து ஊற்றினேன். இதோடு நிறுத்தியிருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. கைவிளக்கு வெளிச்சத்தில் எஞ்சினை ஓடவிட்டு அளவுக்குச்சியைப் பார்த்தேன். அதில் இரண்டு இடத்தில் குறிகள் உண்டு: கீழே ஆறிய நிலைக்கு, மேலே சூடேறிய நிலைக்கு. எண்ணெய் கீழ்க் குறியில் சரியாக நின்றது. எண்ணெயும் ஆறித்தான் இருந்தது. ஆனால் நான் பார்த்தது மேல் குறியை. "குறைகிறதே" என்று இன்னும் அரை லிட்டருக்கு மேல் ஊற்றி மேல் குறிக்குக் கொண்டுவந்தேன். கைகழுவிவிட்டு மொஹிங்கா சாப்பிட்டேன். மனம் நிறைந்திருந்தது.

மறுநாள் லெடான் நெரிசலில் முக்கால் மணி நேரம். டி-யில் போட்டால் வண்டி யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது வழுக்கல். பிறகு கருகும் வாடை. ஓரம் கட்டிக் குனிந்து பார்த்தால் அடியில் சிவப்புச் சொட்டுகள், சில புகைக்குழாயின் மேல் விழுந்து பொரிந்துகொண்டிருந்தன. கியர்பாக்ஸைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். மனைவிக்கு என்ன சொல்வது என்பதுதான் முதலில் ஓடியது.

அளவுக்குச்சியை இழுத்தால் எண்ணெய் மேல் குறியைத் தாண்டி வெகு தூரம், அதுவும் நுரையோடு. சூடானால் எண்ணெய் விரியும். மிகையாக நிற்கும் எண்ணெயைச் சுழலும் பாகங்கள் தயிர் கடைவது போலக் கடையும். நுரையில் இருப்பது காற்று, காற்று அமுங்கும். பெட்டிக்குள் கிளட்சுகளைப் பிடித்து அழுத்துவது இந்த எண்ணெயின் அழுத்தம்தான். அது நுரையானால் பிடி எங்கிருந்து வரும்? மிகுதி மூச்சுக்குழாய் வழியே வெளியே வழிந்திருக்கிறது.

வடிகாலை மறுபடி திறக்கவில்லை. மெல்லிய குழாயை அளவுக்குச்சியின் துளையில் விட்டு, 50 மில்லி சிரிஞ்சால் பதினொரு முறை உறிஞ்சினேன். பிறகு ஒழுங்காகச் செய்தேன்: சமதளம், எஞ்சின் ஓட்டத்தில், எண்ணெய் 70 முதல் 80 டிகிரி வரை சூடேறிய பின், பி-யிலிருந்து எல் வரை ஒவ்வொரு நிலையிலும் சில விநாடி நிறுத்தி, மறுபடி பி. அதன் பிறகு குச்சி. மேல் குறியின் இரண்டு கோடுகளுக்கு நடுவே வந்து நின்றது. வழுக்கல் அன்றைக்கே நின்றுவிட்டது.

ஒன்றை மறைக்கக் கூடாது. இப்படி வடித்தால் பழையது முழுவதும் போகாது. எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியே கியர்பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருப்பது அங்கேயே நிற்கும். மொத்தம் ஏழு லிட்டர் என்று வைத்துக்கொண்டு, தடவைக்கு மூன்று மாற்றினால், முதல் முறை 43 சதவீதம் புதியது, இரண்டாம் முறை 67, மூன்றாம் முறை 81. ஆயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் இன்னும் இரண்டு முறை மாற்றப் போகிறேன். அப்போது தட்டைக் கழற்ற வேண்டாம், வடிகால் திருகு போதும்.

மற்றவர்களின் அனுபவம் என்ன?

தாட்டோன் டீச்சர்:

அண்ணா, சூட்டுக் குறி, ஆறிய குறி பற்றி எழுதியது நன்று. ஆனால் படிப்பவர்கள் அதை எல்லா வண்டிக்கும் வைத்துக்கொள்ளக் கூடாது. என்னுடையது ஹோண்டா ஃபிட், முதல் உருவம். ஹோண்டாவில் சூடேறிய பின் எஞ்சினை அணைத்துவிட்டு ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். உங்கள் முறையில் பார்த்தால் எனக்குத் தப்பாகத்தான் காட்டும்.

என் கதை வேறு. பள்ளி வாசலில் நின்று புறப்படும்போதெல்லாம் வண்டி நடுங்கும். பிள்ளைகள் "டீச்சர் வண்டி குளிரில் நடுங்குகிறது" என்பார்கள். ஒரு பட்டறையில், கியர் எண்ணெய் மாற்றினால் சரியாகும் என்று சொல்லி, எல்லா வண்டிக்கும் ஊற்றும் சாதாரண ஏ.டி.எஃப். எண்ணெயை, அதாவது ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயை, ஊற்றிவிட்டார்கள். நடுக்கம் இரட்டிப்பானது. அந்த வண்டியில் இருப்பது கியர் படிகளே இல்லாத சி.வி.டி. இரும்புப் பட்டை ஒன்று இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓடுகிறது. அதற்கு ஹோண்டாவின் எச்.எம்.எம்.எஃப். எண்ணெய்தான். என் தம்பி யாங்கூனிலிருந்து வாங்கி அனுப்பினான். ஒரு வாரம் விட்டு இரண்டு முறை மாற்றினோம். இதில் தட்டு கழற்றும் வேலையே இல்லை. நடுக்கம் முக்கால்வாசி போய்விட்டது. முழுவதும் போகவில்லை, தொடக்கக் கிளட்சு ஏற்கெனவே தேய்ந்திருக்கும் போலிருக்கிறது.

பெகு தம்பி:

அண்ணே, என்னிடம் இருப்பது டொயோட்டா ஃபீல்டர் வண்டி. அதன் மாடல் எண் 121-ஆ 141-ஆ என்று பார்க்காமல் எண்ணெய் வாங்காதீர்கள். 121-இல் நான்கு கியர், 1500 சிசி 141-இல் சி.வி.டி. வெளியே இரண்டுக்கும் ஒரே பெயர்ப் பலகை. எஞ்சின் அறையில் இருக்கும் தகட்டில் எண் இருக்கிறது. நான் டப்பாவைத் திறந்துவிட்டு அப்புறம் பார்த்தேன். நல்லவேளை, ஊற்றவில்லை. அந்த நான்கு லிட்டர் இன்னும் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. யாருக்காவது டி-ஃபோர் வேண்டுமா?

மோல்மேன் பெரியவர்:

தம்பி, நீ அதிர்ஷ்டக்காரன். நான் உன்னைப் போலத் தைரியப்பட்டுக் கெட்டேன்.

என் டொயோட்டா மார்க் டூ வண்டியை இருபது வருடம் நானே ஓட்டினேன். எண்ணெய் கறுப்பு, வாடையும் இருந்தது. ஆனால் ஓடியது. மகன் சொன்னான் என்று ஒரு பட்டறையில் இயந்திரம் வைத்து முழுவதையும் அலசி மாற்றினேன். பத்தாம் நாள் பின்கியர் விழவில்லை. பழைய எண்ணெயில் மிதந்த தூள்தான் தேய்ந்த கிளட்சுக்குப் பிடிப்புக் கொடுத்துக்கொண்டிருந்தது, அதைக் கழுவிவிட்டீர்கள் என்று வேறொரு மெக்கானிக் சொன்னார். கடைசியில் ஜப்பான் பழைய பெட்டி ஒன்றை வாங்கி மாட்டினேன். கருகிய வாடை வந்துவிட்ட பெட்டியைத் தொடாதே என்பது என் கட்சி.

தாமுவேக்காரன்:

ஐயா, மறுப்பதாக நினைக்க வேண்டாம். வாடை வந்தபோதே கிளட்சு கருகியிருந்தது, எண்ணெய் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் அது போயிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பழி புது எண்ணெய் மேல் விழுந்தது. ஆனால் அழுத்தி அலசும் இயந்திரத்தைப் பழைய பெட்டிக்கு நானும் வைக்க மாட்டேன்.

மோல்மேன் பெரியவர்:

இருக்கலாம். பத்து நாள் முன்பே தெரிந்திருந்தால் விற்றிருப்பேன்.

அது கிடக்கட்டும், வடித்த எண்ணெயை என்ன செய்தாய்? சாக்கடையில் விட்டாயோ?

தாமுவேக்காரன்:

இல்லை ஐயா. பாட்டில்களை மூடி, எஞ்சின் எண்ணெய் மாற்றும் கடையின் பீப்பாயில் கொண்டுபோய் ஊற்றினேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலி மரத்துக்குப் பூசக் கேட்டார், கரையான் வராதாம். அந்தக் காலத்தில் ஏனாஞ்சாவ் ஊர்க் கிணறுகளில் எடுத்த கச்சா எண்ணெயை வீட்டு மரத்துக்குப் பூசிய பழக்கம் இங்கே இன்னும் மறையவில்லை. அவர் வேலிக்கு அருகில் எங்கள் கிணறு இருப்பதால் கொடுக்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவது மாற்றமும் முடிந்தது. எண்ணெய் இப்போது சிவப்பு, கொஞ்சம் மங்கல். காலையில் முதல் முறை பின்கியர் போடும்போது ஒரு சிறு உதறல் மிச்சம் இருக்கிறது. போன வாரம் பெகு போனோம். லேகு தாண்டி அதே மாதிரி ஒரு லாரி. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "வேண்டாம், வளைவு வருகிறது" என்றாள். அதனால் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை.