லாரென்ஸ் சிஸ்டத்தை சர்க்யூட்ல கொண்டுவர்றது எப்படி?

கேள்வி:
வணக்கம். மூணு மாறிலிக்கும் 10, 28, 8/3 போட்டு, கேயாஸ் (ஒழுங்கில்லாத இயக்கம்) காட்டுற லாரென்ஸ் சமன்பாட்டை கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்தாச்சு, பட்டாம்பூச்சி வடிவம் அழகா வருது. அதையே ஆப்-ஆம்ப், ஏடி633 மல்டிப்ளையர் (ரெண்டு வோல்ட்டேஜைப் பெருக்குற சிப்) வச்சு போர்டுல கட்டணும். ஆனா எக்ஸ், ஒய், இசட்னு இருக்கற மூணு மாறியில இசட் 45-ஐ தாண்டிப் போகுதே, சப்ளை ±15 வோல்ட்தான். என்ன பண்ணலாம்?

பதில் 1:
ஸ்கேல் பண்ணுங்க. மூணு மாறியையும் பத்தால வகுத்தா இசட் 5 வோல்ட்டுக்குள்ள அடங்கிடும். அப்ப பெருக்கல் வர்ற இடத்துல ஒரு 10 கூடும், ஏடி633 வேற தானாவே பத்தால வகுத்துத்தான் தரும், ஆக 100 மடங்கு ஈடுகட்டணும். இன்டக்ரேட்டர்ல (வோல்ட்டேஜை நேரத்தோட கூட்டிக்கிட்டே போற ஆப்-ஆம்ப் பகுதி) 1 மெகாஓமை 1-ன்னு வச்சுக்கிட்டா பெருக்கல் லைனுக்கு 10கே, 28-க்கு 35.7கே, 10-க்கு 100கே, 8/3-க்கு 375கே. கெபாசிட்டர் மூணும் ஒரே மதிப்பா இருக்கட்டும், அது வேகத்தை மட்டும்தான் மாத்தும்.

பதில் 2:
மேல சொன்னது சரி, ஆனா முதல் தடவைன்னா இன்னொரு கேயாஸ் சர்க்யூட்டான சுவா சர்க்யூட்ல ஆரம்பிங்கன்னுதான் சொல்வேன், 1983-ல லியோன் சுவா வடிவமைச்சது, மல்டிப்ளையரே வேணாம். 10 நானோஃபேரட், 100 நானோஃபேரட், 18 மில்லிஹென்றி, 2கே பாட் (திருகி மாத்துற ரெசிஸ்டர்), ரெண்டு ஆப்-ஆம்ப்ல சுவா டையோடு (நேர்கோட்டுல போகாத நெகட்டிவ் ரெசிஸ்டன்ஸ்). ஸ்கோப்பை எக்ஸ்-ஒய் மோடுல வச்சு பாட்டை மெதுவா குறைங்க, ஒரு வளையம் ரெண்டாகும், நாலாகும், அப்புறம் டபுள் ஸ்க்ரோல் (ரெண்டு சுருள் சேர்ந்த வடிவம்) வரும், அதைக் கண்ணால பாக்கணும்!

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. 18 மில்லிஹென்றி காயில் கிடைக்கலன்னா?

பதில் 2:
ஆப்-ஆம்ப் ஜைரேட்டர் (காயில் மாதிரியே நடந்துக்கற சர்க்யூட்) போடுங்க, காயிலோட உள் ரெசிஸ்டன்ஸ் தொல்லையும் போயிடும்.