உபயப் பட்டியல் திறக்கவில்லை: தெரியாமல் ஒரு பிளகினை அழித்துவிட்டேன், உதவி தேவை

சிப்புட்_செயலாளர்:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில் எங்களுடையது. தோட்டத்தில் இப்போது ஏழெட்டுக் குடும்பம்தான். மற்றவர்கள் ஈப்போ, கிள்ளான், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள், ஆனால் திருவிழா உபயத்தை மட்டும் விடமாட்டார்கள். எந்த நாள் யாருக்கு, பூ யார், அன்னதானம் யார் என்பதெல்லாம் கோயில் அகப்பக்கத்தில் ஒரே பட்டியலாக இருக்கும். வேர்ட்பிரஸ் என்ற அகப்பக்க மென்பொருளில் செய்தது. செய்து கொடுத்த பையன் வேலை கிடைத்து ஜொகூர் போனதிலிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பார்த்துக்கொள்கிறேன் என்றால், படம் ஏற்றுவேன், அவ்வளவுதான்.

நேற்று இரவு பிளகின் (அகப்பக்கத்தில் கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் துணை நிரல்) பட்டியலில் ‘செக்யூர் கஸ்டம் ஃபீல்ட்ஸ்’ என்று ஒன்று கண்ணில் பட்டது. பையன் எழுதி வைத்த தாளில் அந்தப் பெயரே இல்லை. ‘அட்வான்ஸ்ட் கஸ்டம் ஃபீல்ட்ஸ்’ என்றுதான் இருக்கிறது. ‘செக்யூர்’ என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்வதை எப்படி நம்புவது? வைரஸ் என்று நினைத்து அழித்துவிட்டேன். இப்போது உபயப் பக்கத்தைத் திறந்தால் வெள்ளைத் திரை, ‘கடுமையான பிழை’ என்று ஒரு வரி. திருவிழாவுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. பெயர்கள் எல்லாம் போய்விட்டனவா? பையன் போனை எடுக்கவில்லை.

ஈப்போ_மின்மினி:
அண்ணே, பதறாதீர்கள். இரண்டு கேள்வி. முகப்புப் பக்கம் வருகிறதா? நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைய முடிகிறதா?

சிப்புட்_செயலாளர்:
இரண்டும் முடிகிறது தம்பி. படங்கள் பக்கமும் வருகிறது. உபயம் மட்டும்தான் இல்லை.

ஈப்போ_மின்மினி:
அப்படியானால் பெரும்பாலும் இதுதான். அந்தப் பக்கத்தை அமைக்கும் வார்ப்புரு நிரல் ‘கெட்_ஃபீல்டு’ மாதிரி ஒரு கட்டளையைக் கூப்பிடுகிறது. கட்டளை இருந்தது நீங்கள் அழித்த பிளகினில். கூப்பிட்ட இடத்தில் ஆள் இல்லை, பக்கம் அங்கேயே நின்றுவிட்டது. பெயர்கள் பிளகினுக்குள் இல்லை, தரவுத்தளத்தில் இருக்கின்றன.

2019இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து, இப்படிப் பக்கம் விழுந்தால் வேர்ட்பிரஸ் நிர்வாகிக்கு மின்னஞ்சல் அனுப்பும். உங்களுக்கு வந்ததா?

சிப்புட்_செயலாளர்:
ஒன்றும் வரவில்லையே.

ஈப்போ_மின்மினி:
நிர்வாகி முகவரியில் அந்தப் பையனின் மின்னஞ்சலே இருக்கும். பிறகு மாற்றிவிடுங்கள்.

கம்பார்_கணினி:
எதற்கு இவ்வளவு பேச்சு? பழைய அட்வான்ஸ்ட் கஸ்டம் ஃபீல்ட்ஸைப் போட்டால் தீர்ந்தது. இரண்டும் ஒன்றுதான்.

சிப்புட்_செயலாளர்:
கம்பார் தம்பி சொன்னபடி போட்டேன். பிழை போய்விட்டது, பக்கம் திறக்கிறது. ‘உபயக்காரர்கள்’ என்று தலைப்பும் வருகிறது. கீழே ஒரு பெயர்கூட இல்லை. இப்போதுதான் உண்மையிலேயே வயிற்றைக் கலக்குகிறது.

ஈப்போ_மின்மினி:
அந்தப் பக்கத்தைத் திருத்தி ‘அப்டேட்’ மட்டும் அழுத்திவிடாதீர்கள் அண்ணே. முதலில், தரவுத்தளத்தைத் திறந்து பார்க்க உதவும் பிஎச்பி மை அட்மினில் ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து முழுத் தரவுத்தளத்தையும் ஒரு நகல் எடுங்கள். அப்புறம் ‘போஸ்ட்மெட்டா’ என்று முடியும் அட்டவணையைத் திறந்து ‘உபயம்’ என்று தேடுங்கள். என்ன தெரிகிறது?

சிப்புட்_செயலாளர்:
நகல் எடுத்துவிட்டேன். ‘உபயம்’ என்ற வரிக்கு எதிரே 27 என்று ஓர் எண், வேறொன்றும் இல்லை. அதற்குக் கீழே ‘உபயம்_0_பெயர்’, ‘உபயம்_0_நாள்’, ‘உபயம்_1_பெயர்’ என்று போய்க்கொண்டே இருக்கிறது. அட, பெயர்கள் எல்லாம் இருக்கின்றன! ‘உபயம்_0’ எங்கள் பழைய மண்டோர் குடும்பம்.

ஈப்போ_மின்மினி:
கிடைத்துவிட்டது. அது ‘ரிப்பீட்டர்’ வகைப் புலம், ஒரே மாதிரி வரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்க உதவுவது. 27 என்பது எத்தனை வரிசை என்ற கணக்கு. வரிசைகள் பூஜ்யத்தில் தொடங்கும், அதனால் கடைசி 26. அட்வான்ஸ்டில் ரிப்பீட்டர் வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்கும் ‘புரோ’ பதிப்பு வேண்டும். செக்யூரில் அது இலவசமாகவே வருகிறது. நீங்கள் இப்போது போட்டிருக்கும் இலவசப் பதிப்புக்கு அந்த 27ஐ என்ன செய்வதென்றே தெரியாது. கம்பார் நண்பரே, இரண்டும் ஒன்றில்லை.

அண்ணே, அட்வான்ஸ்டை முடக்கிவிட்டு செக்யூரை நிறுவி இயக்குங்கள். இரண்டையும் ஒன்றாக ஓட விடாதீர்கள்.

கம்பார்_கணினி:
ரிப்பீட்டர் என்று தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும் அண்ணே.

பால்மரம்:
இடையில் நுழைகிறேன். அது வைரஸ் இல்லை ஐயா, ஆனால் உங்கள் சந்தேகத்தையும் குறை சொல்லமாட்டேன். 2024 செப்டம்பரில் வேர்ட்பிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான மேட் முல்லன்வெக்குக்கும் வேர்ட்பிரஸ் தளங்களுக்கு இணையத்தில் இடம் தரும் டபிள்யூபி எஞ்சின் நிறுவனத்துக்கும் பகிரங்கமாக மோதல் வெடித்தது. அட்வான்ஸ்ட் கஸ்டம் ஃபீல்ட்ஸ் அந்த நிறுவனத்தின் கையில் இருந்தது. அக்டோபர் 12 அன்று, பிளகின் கிடங்கில் அது இருந்த அதே முகவரியில் முல்லன்வெக் தரப்பினர் ‘செக்யூர்’ என்ற பெயரைப் போட்டுவிட்டார்கள். டிசம்பர் 10ஆம் தேதி கலிபோர்னியாவில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் அவர்களுக்கு எதிராக இடைக்காலத் தடை கொடுத்தது. பழைய முகவரி பழைய ஆட்களுக்கே திரும்பியது. செக்யூர் இப்போது தனி முகவரியில் இருக்கிறது.

வேர்ட்பிரஸின் திறந்த மூல உரிமமான ஜிபிஎல்படி நிரலை நகலெடுத்து வேறு பெயரில் நடத்துவதில் தப்பே இல்லை. வேர்ட்பிரஸே 2003இல் பி2 என்ற நிரலிலிருந்து அப்படித்தான் பிரிந்து வந்தது. பால்மரத்தில் ஒட்டுக்கண் எடுத்துப் புதுக் கன்றில் கட்டுவதை யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் இங்கே நடந்தது ஒட்டுக்கட்டு இல்லை. மரம், பாதை, ஆபீஸ் எல்லாம் இருந்த இடத்தில் இருக்க, ராத்திரியோடு ராத்திரியாகத் தோட்டத்துப் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றின கதை. என் அபிப்பிராயம் இது, நிரல் நல்ல நிரல்தான்.

சிப்புட்_செயலாளர்:
வந்துவிட்டது! 27 பேரும் இருக்கிறார்கள். ஒன்பதாம் நாள் அன்னதானம் வரை வரிசை மாறாமல் வருகிறது. புலனத்தில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன்.

பையனும் இப்போதுதான் கூப்பிட்டான். புரோவுக்குக் காசு கட்ட வேண்டாமே என்று அவனேதான் செக்யூரைப் போட்டானாம், தாளில் எழுத மறந்துவிட்டானாம். மின்னஞ்சலும் அவனுடையதுதான். வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்தப் பெட்டியைத் திறப்பதே இல்லையாம். என் முகவரிக்கு மாற்றியாகிவிட்டது. தாளிலும் சிவப்புப் பேனாவால் அடித்து எழுதிவிட்டேன்.

மின்மினி தம்பி, ஐந்தாம் நாள் பூ உபயம் இன்னும் காலியாக இருக்கிறது. உங்கள் பெயரைப் போடட்டுமா?

ஈப்போ_மின்மினி:
எவ்வளவு வெள்ளி அண்ணே?