எல்.பி.எஸ். கொடுத்தும் இன்டர்லூக்கின்-1 பீட்டா வெளியே வராதது ஏன்?

ஆய்வு மாணவி:
வணக்கம். நன்கொடையாளர் இரத்தத்திலிருந்து பிரித்த மோனோசைட்டுகளை (ஒருவகை வெள்ளையணுக்கள்) எம்-சி.எஸ்.எஃப். என்னும் வளர்ச்சிக் காரணி கலந்த ஊடகத்தில் 7 நாள் வளர்த்து, மேக்ரோஃபேஜ்களாக (விழுங்கு செல்களாக) முதிர்ந்தபின், பாக்டீரியச் சுவர்ப் பொருளான எல்.பி.எஸ். சேர்த்துத் தூண்டினேன். 4 மணி நேரம் கழித்து மேல்திரவத்தில் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1 பீட்டா என்னும் இரண்டு அழற்சிப் புரதங்களையும் எலைசாவில் (புரத அளவை நிறத்தால் காட்டும் சோதனை) அளந்தபோது, டி.என்.எஃப். குழிகள் நிறுத்தக் கரைசல் விழுந்ததும் அடர்மஞ்சளாக மாறின. இன்டர்லூக்கின்-1 பீட்டா குழிகளோ வெற்றுக் குழிகளைப் போலவே நிறமற்றுக் கிடந்தன. அதே இரத்தத்தின் மோனோசைட்டுகளை முதல் நாளே தூண்டியபோது இரண்டும் கிடைத்தன. செல்கள் தூண்டலை உணர்ந்திருந்தும் ஒன்று மட்டும் ஏன் வரவில்லை?

மறுமொழி 1:
உங்கள் செல்களில் குறையில்லை. எல்.பி.எஸ்., டி.எல்.ஆர்.4 ஏற்பியில் பட்டதும் என்.எஃப்.-கப்பா-பி என்னும் மரபணு இயக்கிப் புரதம் உட்கருவுக்குள் சென்று இரண்டு மரபணுக்களையுமே இயக்குகிறது. வேறுபாடு அதற்குப் பின்னர்தான் தொடங்குகிறது. டி.என்.எஃப். வழக்கமான சுரப்புப் பாதையில் செல் சவ்வை அடைந்து, அங்கே டேஸ் என்னும் நொதியால் வெட்டப்பட்டு வெளியேறுகிறது. இன்டர்லூக்கின்-1 பீட்டாவுக்கு அந்தப் பாதையில் நுழைவதற்கான சமிக்ஞைத் துண்டே கிடையாது. 31 கிலோடால்டன் எடையுள்ள முன்வடிவமாக சைட்டோபிளாசத்திலேயே தங்கிவிடுகிறது. அதை 17 கிலோடால்டனாக வெட்டக் கேஸ்பேஸ்-1 என்னும் நொதி வேண்டும். மேக்ரோஃபேஜில் அந்த நொதி விழித்தெழ இரண்டாவது தூண்டல் தேவை. புதிய மோனோசைட்டில் கேஸ்பேஸ்-1 ஏற்கெனவே செயல்நிலையில் இருப்பதால் எல்.பி.எஸ். மட்டுமே போதுமானதாகிறது. எல்.பி.எஸ். கொடுத்த 4 மணி நேரத்துக்குப் பின் நைஜெரிசின் என்னும் வேதிப்பொருளை ஒரு மணி நேரத்துக்குச் சேர்த்துப் பாருங்கள். அது செல்லிலிருந்து பொட்டாசியத்தை வெளியேற்ற, என்.எல்.ஆர்.பி.3 இன்ஃபிளமசோம் என்னும் புரதத் தொகுதி கூடிக் கேஸ்பேஸ்-1ஐ இயக்கும்.

மறுமொழி 2:
மேலே கூறியதை ஏற்கிறேன். ஆனால் நைஜெரிசின் சேர்த்தபின் கிடைக்கும் மஞ்சளை உடனே நம்பிவிட வேண்டாம் என்று வலியுறுத்துகிறேன். கேஸ்பேஸ்-1 கேஸ்டெர்மின்-டி புரதத்தையும் வெட்டிச் சவ்வில் துளைகளை உண்டாக்குவதால் செல்கள் வெடித்து, வெட்டப்படாத முன்வடிவமும் திரவத்தில் கலந்துவிடும். பல எலைசா தொகுப்புகள் அதையும் ஓரளவு பிடித்துவிடுகின்றன. மேல்திரவத்தையும் செல்சாற்றையும் (உடைத்த செல்களின் சாறு) தனித்தனியே, புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் ஓட்டுங்கள். இப்போதுள்ள செல்சாற்றில் 31 கிலோடால்டன் பட்டை தெரிந்தால் முதல் தூண்டல் வேலை செய்தது உறுதியாகும். நைஜெரிசினுக்குப் பின் மேல்திரவத்தில் 17 தெரிந்தால்தான் வெட்டு நடந்ததென்று எழுத முடியும்.

ஆய்வு மாணவி:
இருவருக்கும் மிக்க நன்றி. முதல் சோதனையின் செல்சாற்றை உறைநிலையில் வைத்திருக்கிறேன். அதில் 31 பட்டை இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, நைஜெரிசின் மட்டும் கொடுத்த குழியையும் சேர்த்து அடுத்த சோதனையை அமைக்கிறேன்.

மறுமொழி 2:
அந்தக் குழி மிக அவசியம். எல்.பி.எஸ். இல்லாமல் முன்வடிவம் போதிய அளவு உருவாகாது என்பதால், அதில் 17 தெரிந்தால் ஊடகத்தில் எண்டோடாக்சின் (எல்.பி.எஸ்.ஸின் மறுபெயர்) கலந்திருக்கிறதா என்று சோதியுங்கள்.