நடந்து போறவனுக்காகக் கட்டினதாம்! அப்ப அந்த மூன்று படி என்னத்துக்கு?

ரசமட்டம்:
போன கிழமை பத்திரிகையோட வந்த விளம்பர இணைப்பைப் பாத்திருப்பீங்கள். கொழும்பு 2 இல புதுசாத் திறந்த நாற்பது மாடிக் கட்டடத்தின்ர தரைத்தளம் முழுக்க நடந்து போறவைக்காகவே வடிவமைச்சதாம். வாயால வடை சுடுறதுக்கும் ஒரு அளவு வேணும். றோட்டுப் பக்க முகப்பு ஏறத்தாழ 60 மீற்றர். வாகனம் உள்ள போக ஒரு வாய், வெளிய வர ஒரு வாய், ரெண்டும் சேர்ந்து 14 மீற்றர். டிரான்ஸ்போமர் அறையின்ர இரும்புக் கதவும் காற்றுத் தட்டியும் 12. குப்பை அறை, தீயணைப்புக் குழாய்ப் பெட்டி, ஜெனறேற்றர் சூடு கக்கிற தட்டி எண்டு இன்னொரு 10. மிச்சமெல்லாம் கறுப்புக் கிரனைட் சுவர். மனிசர் உள்ள போக ஒரேயொரு கண்ணாடிக் கதவு. அந்தக் கதவுக்கும் நடைபாதைக்கும் இடையில மூன்று படி. ஒண்டு 150 மி.மீ., மொத்தம் 450. ஏன் அந்த மூன்று படி? இதுக்கு மட்டும் ஆராவது பதில் சொல்லுங்கோ.

வடிகான்:
ஒரே சொல்லில பதில்: வெள்ளம். 2010 நவம்பர்ல ஒரு ராத்திரி பெஞ்ச மழையில பாராளுமன்றமே தண்ணிக்குள்ள நின்டது, மறந்துட்டீங்களா? பக்கத்தில பேர வாவி. கொஞ்சம் தோண்டினாலே தண்ணி ஊறுற நிலம். கீழ பேஸ்மன்ட், பம்ப் அறை, லிஃப்ட் குழி எல்லாம் இருக்கு. லிஃப்ட் குழிக்குள்ள ஒரு அடி தண்ணி போனா அந்த லிஃப்ட் நாள்கணக்கில ஓடாது. மட்டம் குறிக்கிறவங்க தண்ணியப் பாத்துத்தான் குறிப்பாங்க அண்ணை, உங்கட முழங்காலப் பாத்து இல்ல.

ரசமட்டம்:
நல்லது தம்பி. அப்ப கார் எத்தனை படி ஏறி உள்ள போகுது? கார் வாயில் இருக்கிறது 150 மி.மீ. மேடு ஒண்டு, அவ்வளவுதான். அதைத் தாண்டினதும் 1:8 சரிவில, அதாவது 8 மீற்றருக்கு 1 மீற்றர் இறக்கமா, நேர பேஸ்மன்டுக்கு இறங்குது. தண்ணி கண்ணாடிக் கதவைத் தேடிப் போய் மூன்று படி ஏற ஏலாமல் திரும்பிப் போகுமே? ஆகப் பதிவான வாயாலதான் அது போகும். ஒரு கட்டடத்தின்ர வெள்ளக் காப்பு மட்டம் எண்டுறது அதின்ர ஆகப் பதிவான திறப்பின்ர மட்டம். இங்க அது 150. கதவடியில மேலதிகமா இருக்கிற 300, அதாவது ரெண்டு படி, வெறும் பவுசு. தண்ணிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

வடிகான்:
கார் வாயில குறுக்கால 300 மி.மீ. அகலக் கம்பி மூடிக் கான் ஓடுது. அதில விழுற தண்ணி தொட்டிக்குப் போய், ஒன்டு பழுதானா மற்றது ஓடுற மாதிரி ரெண்டு பம்பால வெளிய போகும். வெள்ளம் வந்தா வாயை அடைக்கிற பலகையை இறக்க ரெண்டு பக்கச் சுவர்லயும் தவாளிப்பு இருக்கு. இதெல்லாம் கண்ணில படாது, படி மட்டும்தான் படும்.

எல்லைக்கல்:
ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்க. தரைத்தளம் என்று எதைச் சொல்றீங்க? நடைபாதை மாநகர சபைக்குச் சொந்தம். வீதி எல்லைக்கோட்டுக்கும் கட்டடக் கோட்டுக்கும் இடைப்பட்ட துண்டு காணிச் சொந்தக்காரருக்கு. படி எந்தத் துண்டில நிக்குது என்று தெரியாமல் யாரைக் குறை சொல்றது?

ரசமட்டம்:
எல்லைக்கல் ஐயா, நில அளவை பிறகு. தவாளிப்பு விசயத்துக்கு வாறன். 7 மீற்றர் அகலக் கார் வாய்க்குப் பலகை போடலாமாம், 2 மீற்றர் கதவுக்குப் போட ஏலாதாம்! 150 மி.மீ. உயர அலுமினியப் பலகை மூன்றை அடுக்கினா அதே 450. அடியில இறப்பர் பட்டி, ரெண்டு பக்கமும் தவாளிப்பு, மேல இறுக்கிற பூட்டு. ரெண்டு காவலாளி சுணங்காமல் போட்டு முடிப்பினம். பிழைக்கிற இடமும் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். வாசல் கல்லில மண் படிஞ்சா அடி இறப்பர் ஒட்டி அமராது. கிரனைட்டைத் துளைச்சு ஆணி இறுக்கின இடத்துக்குக் கசிவடைப்புப் பூசாட்டி அதால கசியும். பலகையைக் கொண்டுபோய் மூன்றாம் பேஸ்மன்டில அடுக்கி வைச்சா வெள்ளம் வரேக்க எடுக்க ஏலாது. இவ்வளவையும் பாத்துச் செய்தா வாசல் நடைபாதையோட சமன். அப்ப அந்த மூன்று படி என்னத்துக்கு?

சதுர அடி:
கோடிக் கணக்கில போட்டுக் கட்டினவனுக்கு வாசல் எப்பிடி வைக்கிறது என்டு தெரியாதாம், இங்க வந்து பாடம் எடுக்கிறாங்க. ஹோட்டல், வங்கி, கோயில், எங்கதான் படி இல்ல? உயரமா இருந்தாத்தான் கட்டடத்துக்கு ஒரு மதிப்பு. மூன்று படி ஏற ஏலாதவன் அங்க போய் என்ன வாங்கப் போறான்?

சரிவுப்பாதை:
வாங்கிறவர் மட்டும்தான் மனிசர் போல. வலது குறைந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 இன் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 2006 இல் அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் வந்தன. 2011 இல் உயர் நீதிமன்றமும் புதிய பொதுக் கட்டடங்கள் அதன்படிதான் இருக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. சரிவு 1:12. 450 மி.மீ. உயரத்துக்கு 5.4 மீற்றர் நீளம். மேலும் கீழும் சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீற்றர் சமதளம் வீதம் சேர்த்தால் 8.4 மீற்றர். அங்கே ஓரத்தில் குப்பை அறைக் கதவை ஒட்டிப் போட்டிருக்கிற சரிவின் நீளம் 3.6. கணக்குப் பாருங்கள், 1:8! கார் இறங்குகிற அதே சரிவு. கையால் தள்ளி ஏறுபவர் நடுவழியில் பின்னுக்கு உருளுவார். கைப்பிடி ஒரு பக்கம்தான். மேலே போனதும் கதவு வெளிப்புறமாகத் திறக்கிறது, ஒதுங்கி நிற்கச் சமதளம் இல்லை. உங்கள் "மதிப்பு" இதுதானா?

சதுர அடி:
ஏன் கோவப்படுறீங்க? காவலாளியக் கூப்பிட்டா தூக்கிவிடுவான்தானே.

சரிவுப்பாதை:
மின்கலச் சக்கர நாற்காலிகள் பல ஆள் இல்லாமலே 100 கிலோவைத் தாண்டும். ஆளோடு சேர்த்துத் தூக்குங்கள், நாங்களும் பார்க்கிறோம்.

கோட்டை வாசல்:
படியிலேயே நிற்கிறீர்கள், தலைக்கு மேலே யாரும் பார்க்கவில்லை. கோட்டை யோர்க் வீதியில் 1906 இல் முடித்த கார்கில்ஸ் சிவப்புக் கட்டடத்தின் கீழே மழைக்கும் வெயிலுக்கும் நனையாமல் நடக்கலாம். மேல் மாடி நடைபாதைக்கு மேலே தூணில் நிற்கிறது, அவ்வளவுதான் சூட்சுமம். இந்தப் புதிய கட்டடத்தில் முகப்புத் தட்டு 6 மீற்றர் உயரத்தில், 1.2 மீற்றர் நீட்டி வைத்திருக்கிறார்கள். தென்மேல் பருவத்தில் மழை 30 பாகை சாய்ந்து அடித்தாலே 6 மீற்றர் உயரத்துக்கு மூன்றரை மீற்றர் உள்ளே வரும். 1.2 மீற்றர் தட்டு எதை மறைக்கும்? 3 மீற்றர் உயரத்தில் இரண்டரை மீற்றர் நீட்டியிருந்தால் சுவரோரம் முக்கால் மீற்றராவது காய்ந்திருக்கும். அதற்கு மேல், கோபுரம் பின்வாங்காமல் நேரே தரைக்கு இறங்குகிறது. மேலே மோதுகிற காற்று சுவர் வழியாகக் கீழே பாயும், வாசலில் மழை பக்கவாட்டில் அடிக்கும். இடையில் ஒரு அகன்ற தளத்தைப் போட்டிருந்தால் காற்று அதில் உடைந்திருக்கும்.

வடிகான்:
ஐயா, தட்டு நடைபாதைக்கு மேல நீட்டினா மாநகர சபை அனுமதி வேணும். 3 மீற்றர்ல நீட்டி வைச்சா பஸ் ஓரங்கட்டேக்க தட்டோட உரசும். அதுக்கும் பதில் வைச்சிருக்கீங்களா?

கோட்டை வாசல்:
நடைபாதை விளிம்பிலுள்ள கேர்ப் கல்லிலிருந்து அரை மீற்றர் உள்ளே நிறுத்தினால் எந்த பஸ்ஸும் உரசாது. அனுமதி கேட்காததை அனுமதி கிடைக்காதது போலச் சொல்லாதீர்கள்.

ரசமட்டம்:
தட்டு, காற்று எல்லாம் சரி ஐயா, ஆனா கதையைப் படியில இருந்து இறக்காதேங்கோ. ஒருத்தரும் கவனிக்காத விசயம் ஒண்டு சொல்லட்டே? அந்த றோட் சமன் இல்லை. முகப்பு நீளத்துக்கு ஏறத்தாழ 1:200 சாய்வு. 60 மீற்றருக்கு 300 மி.மீ. இறக்கம். உள் தளம் ஒரே மட்டம். அப்ப பதிவான முனையில் 450 வித்தியாசம், உயர்ந்த முனையில் 150 தான். கதவை எங்க வைச்சிருக்கினம்? பதிவான முனையில! உயர்ந்த முனையில வைச்சிருந்தா ஒரு படி, அதுகும் 1.8 மீற்றர் சரிவு போட்டா அந்த ஒரு படியும் தேவையில்லை. உள் மட்டம் மாறேல்லை, வெள்ளக் காப்பு ஒரு நூல் கூடக் குறையேல்லை. அந்த அருமையான முனையில என்ன இருக்கு? டிரான்ஸ்போமர். ஆக நல்ல இடம் இரும்புப் பெட்டிக்கு, மூன்று படி மனிசனுக்கு.

இன்னும் இருக்கு. அந்தப் படிக்குப் போட்டிருக்கிறது பளபளப்புக் கறுப்புக் கிரனைட். தரை எவ்வளவு வழுக்கும் எண்டு பாக்கிற ஊசல் கருவியால ஈரத்தில அளந்தா 36 ஆவது வந்தாத்தான் வழுக்கிற ஆபத்துக் குறைவு எண்டு எடுக்கிறது. பளபளப்புக் கல் ஈரத்தில அதுக்குக் கிட்டவும் வராது. நெருப்புச் சுட்டுச் சொரசொரப்பாக்கின அதே கல்லைப் போட்டிருக்கலாம், கல் 20 மி.மீ. ஆவது தடிப்பா இருக்கவேணும், மெல்லிசெண்டா சுடேக்க வெடிச்சுப்போம். படி விளிம்பில 50 மி.மீ. வெளிர் பட்டியும் இல்லை. கறுப்பில கறுப்பு. பொழுதுபட்டா எந்த இடத்தில படி முடியுது எண்டு காலுக்குத்தான் தெரியும்.

பதினொரு கேவீ:
டிரான்ஸ்போமரைப் பெட்டி என்டு சொல்றவருக்கு ஒரு விளக்கம். கொழும்பு நகரத்துக்குள்ள 11 கேவீ, அதாவது 11,000 வோல்ட் கேபிள் றோட்டால வருது. மின்சாரம் வழங்கிற ஆக்கள் நடுச்சாமத்திலயும் நேரா றோட்டில இருந்து அறைக்குள்ள வரவேணும். டிரான்ஸ்போமர் ஒன்டு பழுதானா லொறி, பாரந்தூக்கி எல்லாம் அந்தக் கதவடிக்கே வரணும். காத்துத் தட்டி இல்லாட்டி சூடு வெளிய போகாது. அதை உள்ளுக்கோ கீழயோ தள்ள ஏலாது.

ரசமட்டம்:
உள்ளுக்குத் தள்ளச் சொல்லி ஆர் சொன்னது? றோட்டோரமே இருக்கட்டும், பதிவான முனையில இருக்கட்டும். டிரான்ஸ்போமர் அறைத் தளமும் வெள்ளத்துக்கு மேலதானே நிக்கவேணும்? எந்த முனையிலயும் அதைத் தூக்கித்தான் கட்டப்போறீங்கள். பாரந்தூக்கியால ஏத்திற சாமானுக்கு 150 உயரமும் ஒண்டுதான், 450 உயரமும் ஒண்டுதான். காலால ஏறுற மனிசனுக்குத்தான் வித்தியாசம். டிரான்ஸ்போமர் படி ஏறாது எண்டு கவலைப்பட்ட ஆள் மனிசன் ஏறுவான் எண்டு விட்டிட்டார்.

பதினொரு கேவீ:
கேபிள் வளைவு, கான், குழி ஒன்டும் தெரியாமல் முனை மாத்திறது சுலபம். பதிவான முனையில கேபிள் குழிக்குள்ள எப்பவும் தண்ணி நிக்கும்.

ரசமட்டம்:
குழி வாயில குழாய் அடைப்பை ஒழுங்கா இறுக்கினா ஏன் நிக்குது? அரைகுறையா நுரை அடிச்சு விடுறதாலதான் நிக்குது.

வடிகான்:
முந்தி மரைன் டிரைவ் றோட்டு இன்டர்லொக் கல் (ஒன்டோட ஒன்டு கோத்துப் பதிக்கிற தரைக்கல்) பற்றிக் கதைச்சப்பவும் ரசமட்டம் அண்ணை இப்பிடித்தான். எல்லாரும் சொல்றதுக்கு ஒரு பதில், கடைசியில தான் சொன்னதுதான் சரி என்டு நிப்பார். அண்ணைக்குப் பொறியியலாளர், கட்டடக் கலைஞர், மின்சாரக்காரர் எல்லாரும் முட்டாள்.

சதுர அடி:
அது சரி, வெள்ளவத்தையில காலி வீதிக் கடைக்காரர் நடைபாதைக்கு மேலயே படி கட்டி வைச்சிருக்கிறது அவருக்குத் தெரியாதா? எங்கட ஆக்கள் கட்டினா வாய் மூடி இருப்பார். பெரிய கட்டடம் என்டா மட்டும் எரிச்சல்.

ரசமட்டம்:
காலி வீதிக் கடைக்காரன் தன்ர படியை நடந்து போறவைக்காகக் கட்டினனான் எண்டு பத்திரிகையில விளம்பரம் போடேல்லையே! அங்க றோட்டைத் திரும்பத் திரும்ப உயர்த்திப் போட்டு ஓரம் முழுக்க மட்டம் குழம்பிக் கிடக்கு. இது வெறுங் காணியில பூச்சியத்தில இருந்து கட்டினது.

எல்லைக்கல்:
அதைத்தான் நானும் கேட்டேன், அந்தப் படி யாருடைய காணியில...

சதுர அடி:
ஐயா இன்னும் காணி அளந்து முடியல போல.

ரசமட்டம்:
முதற்படிக்குக் கீழ நடைபாதையைப் பாருங்கோ. அவங்களே செலவழிச்சுப் போட்ட இன்டர்லொக். 60 மி.மீ. கல், அதுக்குக் கீழ கல்லுப்பொடி. 150 மி.மீ. கருங்கல் கலவை போட்டு உருளை ஓட்டி இறுக்கின பிறகுதான் 30 மி.மீ. பொடி விரிக்கவேணும். இங்க குழாய்க்குக் கிண்டின பள்ளத்தை மண்ணால நிரப்பி அதுக்கு மேலயே கல்லை அடுக்கியிருக்கு. இப்பவே 20 மி.மீ. பதிஞ்சிட்டுது. அப்ப முதற்படி 170, மற்ற ரெண்டும் 150. படி உயரம் ஒண்டுக்கொண்டு மாறினா கால் தடக்கும், மேசன் பாஸ்மாருக்கே தெரிஞ்ச விசயம். பதிஞ்ச இடத்தில தண்ணி தேங்கும், அந்த ஈரம் செருப்போட வழுக்குக் கல்லுக்கு ஏறும். இந்த மூன்று படிக்கு ஒரு நியாயம், ஒண்டே ஒண்டு சொல்லுங்கோ.

வடிகான்:
60 என்டு எப்பிடித் தெரியும்? கல்லைக் கிளப்பிப் பாத்தீங்களா? கார் ஏறுற இடத்தில 80 தான் போட்டிருக்கு, நடக்கிற இடத்துக்கு 60 போதும்.

ரசமட்டம்:
கார் ஏறுற இடத்தில 80 போட்டிருந்தா ஏன் ரெண்டு சில்லுத் தடமும் அப்பிடியே பதிஞ்சு கிடக்கு?

வடிகான்:
அது தண்ணி பவுசர் ஏறினது. பவுசர் பாரத்துக்கு எந்தக் கல்லும் பதியும்.

ரசமட்டம்:
துறைமுகத்தில கொள்கலன் லொறி ஓடுற முற்றத்துக்கும் இதே மாதிரிக் கல்தான் பாவிக்கிறது தம்பி. அடித்தளம் ஒழுங்கா இருந்தா பவுசர் என்ன...

வடிகான்:
துறைமுக முற்றத்துக்குப் போடுற அடித்தளத்தில சீமெந்தும் கலந்திருக்கும். இதோட அதை ஒப்பிடுறீங்களே, முதல்ல அந்த விலைப்பட்டியலப் பாத்துட்டு வாங்க.