தை அறுப்பு: ‘ஓரிரு இடங்களில் மழை’ன்னு போட்டிருக்கான், மிஷினை எப்ப இறக்கலாம்?

பள்ளச்செய் (தேவகோட்டை) – ஞாயிறு இரவு

எல்லாருக்கும் வணக்கம். தேவகோட்டைக்குக் கிழக்கே கண்மாய்ப் பாசனத்துல எங்களுக்கு மூணு ஏக்கர். ஐயா இருந்த வரைக்கும் அவர் பார்த்தாரு. இப்ப அப்பத்தா சொல்லச் சொல்ல நான் பார்க்கிறேன். எனக்கு வேலை காரைக்குடியில, வயக்காட்டுக்கு நினைச்ச நேரம் போக முடியாது.

மேச்செய் ரெண்டு ஏக்கர் ஜே.ஜி.எல். ரக நெல்லு. புரட்டாசியில புழுதி விதைப்பு. கதிர் முக்காலுக்கு மேல மஞ்சளாயிருச்சு, அடிக்கதிர்ல மட்டும் கொஞ்சம் பச்சை நிக்குது. கீழ்ச்செய் ஒரு ஏக்கர் பி.பி.டி. ரகம். அது இப்பத்தான் கதிர் தள்ளுது.

அறுப்பு மிஷின் ஏஜென்ட் போன் பண்ணி, “வியாழக்கிழமை வண்டி உங்க பக்கம் வருது தம்பி, அதை விட்டா தைப்பூசம் முடிஞ்சுதான்”ங்கிறாரு. டிரைவர் பழனிக்கு நடக்க மாலை போட்டிருக்காராம். அவரைக் குத்தம் சொல்ல முடியாது, எங்க தெருவுலயே பாதிப் பேரு குன்றக்குடியில இருந்து கிளம்புறதுக்கு மூட்டை கட்டிக்கிட்டு இருக்காங்க.

வானிலை அறிக்கையில புதன் வரைக்கும் வறண்ட வானிலை, அதிகாலை லேசான பனிமூட்டம்னு இருக்கு. வியாழன், வெள்ளிக்கு ‘கிழக்கு திசைக் காற்றின் வேக மாறுபாடு காரணமாக தென் கடலோர மாவட்டங்களிலும் அதனை ஒட்டிய மாவட்டங்களிலும் ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழை’ன்னு போட்டிருக்கு. போன்ல ஒரு ஆப் 40 சதவீதம்ங்குது. இன்னொண்ணு சூரியன் படம் காட்டுது. அப்பத்தா வாசல்ல நின்னு, “வாடை அடிக்குதுடா, இதுல எங்கிட்டு மழை”ன்னு முடிச்சிருச்சு.

நமக்குக் கடல் இல்லைன்னாலும் எங்க வயல்ல இருந்து தொண்டி நேர்கோட்டுல முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். வியாழக்கிழமையை நம்பலாமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

மஞ்சுவிரட்டு மாப்ள (சிறாவயல்)

மிஷினை விட்றாதீங்க பங்கு. தை 3 எங்க ஊர் மஞ்சுவிரட்டு முடிஞ்ச மறுநாளே நான் அறுத்துட்டேன், அதுக்கே டிரைவரைத் தேடிப் பிடிக்க வேண்டியதாப் போச்சு. ஓரிரு இடம்னா எங்கயாவது ராமேஸ்வரத்துல தூத்தும், அவ்வளவுதான். தைரியமா வியாழக்கிழமை இறக்குங்க.

கலுங்கடி (கல்லல்)

மாப்ள சொல்றதைக் கேட்டு வியாழன் வரைக்கும் நிக்க வேணாம் தம்பி. முதல்ல அந்த அறிவிப்பை ஒழுங்காப் படிச்சிருவோம்.

‘ஓரிரு இடங்களில்’னு போட்டா, எத்தனை ஊர்ல பெய்யும்கிறதுதான் அதுல இருக்கு. மழைமானி வச்சிருக்கிற இடங்கள்ல நாலுல ஒரு பங்கு வரைக்கும் பதிவானா ஓரிரு இடம். பாதி வரைக்கும் போனா ஒருசில இடம், முக்கால் வரைக்கும் அநேக இடம், அதுக்கு மேல பெரும்பாலான இடம். பெய்யிற அளவுக்குக் கணக்கு தனி. 24 மணி நேரத்துல 2.5-லிருந்து 15.5 மி.மீ. வரை லேசான மழை. 15.6-லிருந்து 64.4 வரை மிதமான மழை. 64.5-ஐத் தொட்டாத்தான் கனமழைன்னு பேரு வரும், மஞ்சள் ஆரஞ்சுன்னு டி.வி.க்காரன் கத்துவான். இப்ப நீங்களே சொல்லுங்க, தலை சாய்ஞ்சு நிக்கிற ஜே.ஜி.எல். மேல 50 மி.மீ. விழுந்தா அது மிதமா? கனமழை எச்சரிக்கை எதுவும் இல்லையேன்னு தூங்கப் போயி, காலையில செய்யில கதிரைக் காணாம நின்னவங்களை நான் பார்த்திருக்கேன். பெய்யிற ஊரு குறைவு, அதுல உங்க ஊரு இருந்தா முழுசா மாட்டுவீங்க. அதான் அதோட அர்த்தம்.

இன்னொண்ணு தேதி. வானிலைத் துறைக்காரங்க மழை அளக்கிற நாள் காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30-க்கு முடியுது. கடல்ல இருந்து ஏறி வர்ற தை மழை நம்ம பக்கம் பெரும்பாலும் நடுராத்திரிக்கு மேலதான் வரும். வியாழன் பகல் முழுக்க வெயில் அடிச்சு, நீங்க அறுத்து களத்துல கொட்டி, வெள்ளி விடியக்காலம் நனைஞ்சாலும் அறிவிப்பு சரின்னுதான் கணக்கு.

அப்பத்தா சொன்னதுல பாதி உண்மை. வாடை வடக்கேயிருந்து தரைமேல வர்ற காய்ஞ்ச காத்து. அது அடிக்கிற வரைக்கும் வானம் துடைச்சு விட்டிருக்கும், ராத்திரி தரைச்சூடெல்லாம் மேல போயிரும், விடியக்காலம் பனி கொட்டும். காத்து கொண்டலுக்குத் திரும்பினா நிலைமை வேற. கடல் ஈரத்தைச் சுமந்துக்கிட்டு கிழக்கேயிருந்து வரும், அந்தக் காத்தோட்டத்துல அலை அலையா ஏற்ற இறக்கம் வர்றப்பத்தான் மழை. அதைத்தான் அறிவிப்புல ‘வேக மாறுபாடு’ங்கிறாங்க. திரும்பினா வீட்டுக்குள்ள இருந்தே தெரியும். விடியக்காலம் போர்வையை உதறத் தோணும், வரப்புப் புல்லுல பனி இருக்காது, கிழக்கே தாழ்வா மேகம் நகரும். ஆனா காத்து திரும்புறதுக்கு ஒரு ராத்திரி போதும். ஞாயித்துக்கிழமை வாடையை வச்சு வியாழக்கிழமையைத் தீர்மானிக்க அப்பத்தாவால மட்டும் இல்ல, யாராலயும் முடியாது.

தை பிறந்தா மழை இல்லைங்கிற நம்பிக்கையும் பழசு. 2021-ல வடகிழக்குப் பருவமழை விலகினதே ஜனவரி 19-ந் தேதி. அந்தப் பொங்கல் மழையில டெல்டாவுல இருந்து ராமநாதபுரம் வரைக்கும் அறுக்கிற நெல்லு சாய்ஞ்சு தண்ணியில கிடந்து முளைச்சது. 2023-ல பிப்ரவரி முதல் வாரம் இலங்கையைக் கடந்த தாழ்வு மண்டலம் டெல்டாவுல மிச்சம் நின்ன சம்பாவைப் படுக்க வச்சிருச்சு.

என் யோசனை புதன்கிழமை அறுக்கிறது. நூத்துக்கு எண்பது மணி மஞ்சளாயிருந்தா போதும். அடிக்கதிர்ப் பச்சைக்காகக் காத்திருந்தா மேல் மணி உதிரும். வேளாண் வானிலை அறிக்கை செவ்வாயும் வெள்ளியும் வரும், மேகதூத் ஆப்ல தமிழ்லயே படிக்கலாம். நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கலுக்குப் போறதா இருந்தாலும் அதை ஒரு தடவை பார்த்துருங்க. வியாழன் மழை தள்ளிப் போயிருந்தா ஏஜென்ட் வண்டியே போதும். போகலைன்னா பக்கத்து ஊர்ல நிக்கிற வண்டி எதுவா இருந்தாலும் மணிக்கு நூறு இருநூறு கூடக் குடுத்து புதன் இறக்குங்க. பத்து மணிக்கு முன்னாடி வேணாம். பனி ஈரத்துல வைக்கோல் மிஷினுக்குள்ள சுத்திக்கிட்டு, நெல்லு வைக்கோலோடயே பின்னாடி போயிரும்.

ஆப் சதவீதத்தை விட்ருங்க. ரேடார் படம் பார்க்கிற பழக்கம் இருந்தா ஒரு எச்சரிக்கை: நமக்குக் கிட்ட இருக்கிற காரைக்கால் ரேடாரே தேவகோட்டையில இருந்து 150 கிலோமீட்டருக்கு மேல. அங்கயிருந்து கிளம்புற ரேடார் அலை நம்ம தலைக்கு மேல வர்றப்ப ரெண்டரை, மூணு கிலோமீட்டர் உயரத்துல போகும். ஐப்பசி இடிமழை மேகம் உயரமா நிக்கும், மாட்டிக்கும். தை மாச மேகம் குட்டை, அதுக்குக் கீழேயே நழுவி வந்து கொட்டிட்டுப் போயிரும். படம் சுத்தமா இருக்குன்னு நெல்லைத் திறந்து போட்டுத் தூங்காதீங்க.

களத்துமேடு அக்கா (திருப்பத்தூர்)

அண்ணே எல்லாத்தையும் சொல்லிட்டாரு, அறுத்த பிறகு என்னங்கிறதை நான் சொல்றேன். புதன் அறுத்தா அன்னைக்கே ஈரம் இறங்காது தம்பி. மிஷின் நெல்லு இருபதுக்கு மேலதான் இருக்கும். கொள்முதல் நிலையத்துல 17 சதவீதம் கேட்பாங்க. எங்க பக்கத்துல போன வருசம் ஒரு இடத்துல மூட்டையை ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க, வாடகை டிராக்டர் காசே போச்சு. அதனால புதன் மதியமும் வியாழன் பகலும் வெயில் கிடைக்கிற மாதிரி முன்னாடியே இடத்தைப் பிடிங்க. தார் ரோட்டோரம் வேணாம், பஞ்சாயத்துக் களம் இருந்தா யார் கையில இருக்குன்னு இன்னைக்கே கேளுங்க.

சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் நெல்லைக் கூட்டி அம்பாரமாக்கி மூடிருங்க. பரப்பினபடி விட்டா மழையே வேணாம், பனியே பகல்ல காய்ஞ்சதைத் திரும்ப ஏத்திரும். மேட்டுப் பக்கமா குவிங்க, சுத்தி ஒரு சாண் வாய்க்கால் கீறி விடுங்க. தார்ப்பாய்க்கு அடியில வர்ற தண்ணிதான் மூட்டையைக் கெடுக்கும், மேல விழுகிற தண்ணி இல்ல.

வைக்கோலை அன்னைக்கே கட்டச் சொல்லுங்க. நனைஞ்சு கறுத்த வைக்கோலை மாடு மோந்து பார்த்துட்டுத் திரும்பிக்கும்.

பள்ளச்செய்

கலுங்கடி அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. மாப்ளக்கும்தான். இன்னைக்குக் காலையில வயக்காட்டுக்குப் போயிட்டு வந்தேன். மேச்செய்யில மணியை நகத்தால கீறிப் பார்த்தேன், மேல்பாதி கெட்டி, அடியில நாலஞ்சு மணிதான் மெதுவா இருக்கு. கல்லல் பக்கம் நிக்கிற பெல்ட் மிஷின் ஒண்ணு புதன்கிழமைக்குச் சரின்னு சொல்லியிருக்கு. அப்பத்தாகிட்டச் சொன்னேன். “அறுத்துக் கொட்டிட்டு மழை பெய்யலைன்னா உன்னைய என்ன பண்றதாம்”னு கேட்டுச்சு, ஆனா சாக்கை எடுத்து உதறிக்கிட்டு இருக்கு.

இப்பக் கவலை கீழ்ச்செய் பி.பி.டி. விடியக்காலம் பனி சொட்டச் சொட்ட நிக்குது. இலையில கண்ணு வடிவத்துல புள்ளி, ஓரம் பழுப்பு, நடுவுல சாம்பல். கதிர்ல இன்னும் ஒண்ணும் தெரியலை. மழையும் வரப்போகுதுன்னா மருந்து அடிக்கிறதா, விடுறதா?

கலுங்கடி (கல்லல்)

குலைநோய். பி.பி.டி.க்கு அது பிறவிக் கோளாறு. ராத்திரிக் குளிரும் இலையில பத்து மணி நேரம் நிக்கிற பனியும் சேர்ந்தா பரவாம இருக்காது. யூரியா கூடக் கொஞ்சம் போட்டிருப்பீங்க, இலை கரும்பச்சையா இருக்குமே? இனிமே ஒரு பிடிகூடப் போடாதீங்க.

இலைப் புள்ளியை விடுங்க. கதிர்க் கழுத்துல இறங்கினா மணி பால் பிடிக்காது, வெள்ளைக் கதிரா நிக்கும், அப்புறம் எந்த மருந்தும் எடுபடாது. கதிர் தள்ளுற இந்த நேரம்தான் அடிக்க வேண்டிய நேரம். ட்ரைசைக்ளோசோல் 75, ஏக்கருக்கு 200 கிராம், 200 லிட்டர் தண்ணி. வியாழன் மழையை எதிர்பார்த்துக்கிட்டு புதன் சாயங்காலம் அடிச்சா கழுவிக்கிட்டுப் போயிரும். நாளைக்கே, பனி காய்ஞ்ச பிறகு அடிங்க. காத்து எழும்புறதுக்கு முன்னாடி முடிங்க. பாக்கெட்டுல அறுப்புக்கு எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும்னு போட்டிருக்கும், பி.பி.டி.க்கு இன்னும் ஒரு மாசத்துக்கு மேல இருக்கிறதால சரியா வரும். சந்தேகமா இருந்தா ரெண்டு இலையைப் பறிச்சுக்கிட்டு குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துல காட்டுங்க.

பள்ளச்செய்

சரிங்கண்ணே, காலையிலயே அடிச்சிர்றேன். யூரியா விஷயம் அப்பத்தாவுக்குத் தெரிய வேணாம். அக்கா, பெரிய தார்ப்பாய் வாடகைக்கு காரைக்குடியில எங்க கிடைக்கும்?

களத்துமேடு அக்கா (திருப்பத்தூர்)

பந்தல் போடுறவங்ககிட்டக் கேளுங்க தம்பி, தை மாசம் கல்யாணம் இல்லாத நாளாப் பார்த்து. ஓட்டை இருக்கான்னு வெயில்ல விரிச்சுப் பிடிச்சுப் பார்த்து வாங்குங்க. புதன்கிழமை முகூர்த்தம்னா நம்ம வீட்டுல ரெண்டு இருக்கு, யாரையாவது பஸ்ல அனுப்புங்க.